பொங்கோலுக்கு ஒரு சொந்த அணி வேண்டும் என்றால்

பொங்கோலில் வீடு வாங்கி மூன்று வருஷமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பொங்கோல், செங்காங், இப்போது தெங்கா என்று புதுப் பேட்டைகள் கண்முன்னே வளர்கின்றன. எங்கு பார்த்தாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள். இப்படிப்பட்ட இடத்தில் தொழில்முறை விளையாட்டு அணி ஒன்றைத் தொடங்கினால் எடுபடாதா? தொடங்கினால் எப்படி வளர்ப்பது? சிங்கப்பூரில் இது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?"

எனக்கு நெருக்கமான கேள்வி இது. 1996இல் எஸ்.லீக் என்ற சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக் தொடங்கியதிலிருந்து பல வருஷம் ஒரு காற்பந்துக் குழுவின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன் நான். அப்புறம் அதன் ஆதரவாளர் மன்ற வேலைகளையும் பார்த்தேன். அந்தக் குழு இன்று இல்லை. அதன் கழுத்துத் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய என் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எடுபடும். ஆனால் பேட்டையில் ஆள் பெருகுவதால் மட்டும் எடுபடாது. 1996இல் சிங்கப்பூரின் மக்கள்தொகை 3.6 மில்லியனை ஒட்டி இருந்தது. இன்று 6 மில்லியனைத் தாண்டிவிட்டது. ஆள் பெருகினால் கூட்டமும் பெருகும் என்பது உண்மையானால் நம் அரங்கங்கள் எல்லாம் இன்று நிரம்பி வழிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 8 குழுக்களோடு தொடங்கிய லீக் 12 வரை போய், பிறகு சுருங்கியது. கூட்டமும் கரைந்தது.

காரணம் தேட வேண்டுமானால் லீக் வருவதற்கு முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் மோதிய மலேசியக் கிண்ண ஆட்டம் காலாங்கில் நடக்கும் நாளில் வேலை முடிந்து நேராக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பழைய தேசிய விளையாட்டரங்கத்துக்குப் போகும் வழியில் கச்சாங் பூத்தே விற்கும் அண்ணன் கூம்பாகச் சுருட்டிய தாளில் கடலையை அள்ளிப் போட்டுக் கொடுப்பார். அவர் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் அன்று யார் முன்வரிசையில் ஆடுகிறார்கள், யாருக்குக் காலில் அடி என்பதெல்லாம் எங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். உள்ளே போனால் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்த ஒரே இரைச்சல். நடுவர் நமக்கு எதிராக ஊதினால் 50,000 பேரும் சேர்ந்து "ரெஃப்ரி காயு" என்று கத்துவோம். காயு என்றால் மரக்கட்டை. வி. சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டதும் எங்கள் வரிசையே எழுந்து நிற்கும். 1994இல் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அப்பாஸ் சாத் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று.

அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த அண்ணனைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். ஊரோ அப்போதுதான் கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் மாறிக்கொண்டிருந்த இடத்தில் ஓர் அணியும் ஓர் அரங்கமும் மட்டும் மாறாமல் இருந்தன. எதிரணியும் அப்படியே இருந்தது. சிலாங்கூர் வருகிறது, கிளந்தான் வருகிறது என்றாலே ரத்தம் சூடேறும். நீங்கள் தொடங்க நினைக்கும் அணிக்கும் இந்த மூன்றும் தேவை என்பது என் நம்பிக்கை. விளம்பரமும் சமூக ஊடகமும் அதற்குப் பிறகுதான்.

1994 முடிந்ததும் டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு தகராறாகி நாம் அந்தப் போட்டியிலிருந்து வெளியேறினோம். 1996இல் நமக்கென்று எஸ்.லீக் வந்தது. தொடக்கம் பிரமாதமாக இருந்தது. அந்த வருஷக் கடைசியில் கேலாங் யுனைடெட்டும் ஆயுதப்படை அணியும் வெற்றியாளர் பட்டத்துக்கு மோதியபோது தேசிய அரங்கத்தில் சுமார் 30,000 பேர். கேலாங் அணியில் ஹமீத் ரெசா எஸ்டிலி, முகமது காக்பூர் என்று இரண்டு ஈரானியர்கள் இருந்தார்கள். 1998 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராக எஸ்டிலி தலையால் முட்டி கோல் போட்டபோது, பிடோக்கில் அவர் ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எப்படிக் குதித்தார்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வேகம் ஏன் நிலைக்கவில்லை? எல்லாரும் ஆங்கில பிரிமியர் லீக்கைக் கைகாட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தொலைக்காட்சியில் லிவர்பூல் வந்ததால் மட்டும் யாரும் பேட்டை அணியை விட்டுப் போகவில்லை. பேட்டை அணி ஒரே இடத்தில் நிற்காததும் ஒரு காரணம்.

உங்கள் பக்கத்துக் கதையையே பாருங்கள். இன்று ஹவ்காங் யுனைடெட் என்று இருக்கும் குழு 1998இல் லீக்கில் சேர்ந்தபோது அதன் பெயர் மரீன் காசல் யுனைடெட். 2002இல் செங்காங் மரீன். இடையில் இரண்டு வருஷம் ஆடவே இல்லை. 2006இல் திரும்பி வந்தபோது செங்காங் பொங்கோல். 2011இல் ஹவ்காங் யுனைடெட். பெயரில் செங்காங்கும் பொங்கோலும் இருந்த காலத்தில்கூட ஆட்டம் நடந்தது ஹவ்காங் அரங்கத்தில். செங்காங்கில் புதிதாகக் குடிவந்த ஒருவர் தன் பேட்டை அணியைப் பார்க்க வேறொரு பேட்டைக்குப் போக வேண்டும். பெயரை மாற்றியவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். புதுப் பேட்டையில் ஆள் வருகிறார்கள், அவர்கள் பெயரை வைத்தால் நம் பக்கம் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு எட்டு வயதில் வாங்கிக் கொடுத்த சட்டையில் இருக்கும் பெயர் அவன் பன்னிரண்டு வயதில் இல்லை என்றால், அந்த வீட்டில் அடுத்த சட்டை வாங்க மாட்டார்கள்.

பெயரும் அரங்கமும் ஒன்றானபின் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ஹவ்காங்குக்கு 'ஹூல்ஸ்' என்று ஓர் ஆதரவாளர் கூட்டம் இருக்கிறது. மேளம், பாட்டு, ஆரஞ்சுத் துண்டு என்று தோற்கும் நாளிலும் நின்று பாடுவார்கள். 2022இல் சிங்கப்பூர் கிண்ண இறுதியாட்டத்தில் தெம்பனிஸை 3-2 என்று வென்று அந்தக் குழு முதல் கிண்ணத்தை வாங்கியது. பெயர் நிலைத்துப் பதினொரு வருஷம் கழித்து. பத்து வருஷமாவது பெயரையும் திடலையும் தொடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

திடல் விஷயம் இங்கே இன்னும் சிக்கலானது. சிங்கப்பூரில் அரங்கம் குழுவின் சொத்து இல்லை. வாடகைக்குத்தான் கிடைக்கும். ஓர் அரங்கத்தைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும். பள்ளி விளையாட்டு நாள், ஓட்டப் பயிற்சிக்கு வரும் பொதுமக்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அதுவும் நியாயம்தான், நிலம் அவ்வளவுதானே. தெம்பனிஸ் ரோவர்ஸ் 1945இலிருந்து இருக்கும் பெயர். ஆனால் தெம்பனிஸ் அரங்கத்தை இடித்துப் புது வளாகம் கட்டிய வருஷங்களில் அந்தக் குழு கிளமெண்டி, ஜூரோங் வெஸ்ட் என்று தீவின் மறுகோடியில் போய் ஆடியது. வேலை முடிந்து கிழக்கிலிருந்து மேற்குக்கு ரயிலேறிப் போய், ஆட்டம் முடிந்து திரும்பி வீடு சேர நள்ளிரவு ஆகிவிடும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யார் போவார்கள்? 2017இல் தெம்பனிஸ் ஹப் திறந்து குழு வீடு திரும்பியபோது, நூலகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறவர்கள் கண்ணில் திடல் தானாகவே படுகிற மாதிரி அமைந்தது. இந்த ஊரில் நான் பார்த்தவற்றில் குடும்பங்களுக்கு மிகவும் தோதான அமைப்பு அதுதான். பொங்கோலுக்கும் அப்படி ஒன்று கிடைக்கும் என்றால், இருக்கைகள் குறைவாக இருந்தாலும் விடாதீர்கள்.

பெரிய அரங்கத்தின் மேல் ஆசைப்பட வேண்டாம். 2014இல் திறந்த புதிய தேசிய அரங்கத்தில் 55,000 இருக்கைகள். லீக் ஆட்டத்துக்கு 3,000 பேர் அதில் உட்கார்ந்தால் வெறிச்சோடிக் கிடக்கும். அதே 3,000 பேர் ஒரு பேட்டை அரங்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் சத்தம் சுற்றியுள்ள அடுக்குமாடி புளோக்குகளில் மோதித் திரும்பும். நான் வாசலில் நின்ற காலத்தில், அரங்கத்தை ஒட்டிய புளோக்கின் பொது நடைபாதையில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒவ்வோர் ஆட்டத்தையும் மேலிருந்து பார்ப்பார். கோல் விழுந்தால் எழுந்து நின்று கம்பித் தடுப்பைத் தட்டுவார். டிக்கெட் வாங்காமல் பார்க்கிறார்களே என்று எங்கள் நிர்வாகத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கோ அவர்தான் எங்கள் முதல் ஆதரவாளர். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் பிற்பாடு எங்கள் வாசல் வழியாகவே வந்தார்கள்.

சரி, பணம். இங்கே குழுக்கள் வெகுகாலம் டிக்கெட் வருமானத்தில் வாழவில்லை. பந்தய, லாட்டரி அமைப்புகளான டோட் போர்டு, சிங்கப்பூர் பூல்ஸ் வழியாக வந்த மானியமும், குழுவின் மனமகிழ் மன்றத்தில் வைத்திருந்த ஜாக்பாட் சூதாட்ட இயந்திரங்களும்தான் பல குழுக்களைத் தாங்கின. இது சம்பளத்தைக் கொடுத்தது, ஆனால் வாசலைப் பார்க்க வேண்டிய அவசியத்தை எடுத்துவிட்டது. 100 பேர் வந்தாலும் 1,000 பேர் வந்தாலும் வருமானம் ஒன்று என்றால், ஆயிரமாவது ஆளுக்காக யார் அலைவார்கள்? 2017இலிருந்து ஜாக்பாட் விதிகள் இறுகியபோது, ஆதரவாளரைச் சேர்த்து வைக்காத குழுக்கள் தடுமாறின. எங்கள் குழுவில் அதற்கு வெகுமுன்பே ஒரு பருவத்தில் சம்பளம் இரண்டு மாதம் தாமதமானது. ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் பயிற்சி முடிந்து என்னிடம் வந்து, வாடகை கட்ட வேண்டும், நிர்வாகத்திடம் பேச முடியுமா என்று கேட்டார். நான் வெறும் தொண்டூழியன். அவருக்கு இந்த ஊரில் கேட்க வேறு ஆள் இல்லை. அணி தொடங்க நினைக்கும் யாருக்கும் என் முதல் வேண்டுகோள்: முதல் மூன்று வருஷச் சம்பளப் பணம் வங்கியில் இருக்கும்வரை ஒருவரையும் ஒப்பந்தம் செய்யாதீர்கள்.

தனியார் பணம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. போலிஸ் அணியாகத் தொடங்கி ஹோம் யுனைடெட்டாக இருந்த குழுவை 2020இல் சீ (Sea) என்ற இணைய நிறுவனத்தின் ஃபாரஸ்ட் லீ எடுத்து லயன் சிட்டி செய்லர்ஸ் ஆக்கினார். அடுத்த வருஷமே லீக் பட்டம். பத்திரிகைகள் விலை உயர்ந்த பிரேசில் ஆட்டக்காரரைப் பற்றியே எழுதின. எனக்கு முக்கியமாகப் பட்டது மட்டார் ரோட்டில் அவர்கள் கட்டிய பயிற்சி மையம். ஆட்டக்காரர் இரண்டு வருஷத்தில் போய்விடுவார், திடலும் பயிற்றுநர்களும் இருப்பார்கள். 2025 மே 18 அன்று அந்தக் குழு ஆசியக் குழுக்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம் வரை வந்தது. சிங்கப்பூர்க் குழு எதுவும் அதுவரை தொடாத உயரம் அது. தேசிய அரங்கத்தில் அன்றிரவு லேடி காகா கச்சேரி இருந்ததால் ஆட்டம் பீஷானில், தற்காலிக இருக்கைகள் போட்டு, 10,000 பேருக்குப் பக்கமாக. எதிரணியான ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா ஒரு கோல் முன்னிலை. 90 நிமிடம் தாண்டியதும் செய்லர்ஸின் லெஸ்டியன் சமன் செய்தார். என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சீன மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசி நிமிடத்தில் ஷார்ஜா இன்னொன்று போட்டு 2-1 என்று கிண்ணத்தைத் தூக்கியது. ஆனாலும் ஒருவரும் உடனே கிளம்பவில்லை. பீஷான் அரங்கத்தில் அப்படி ஒரு கூட்டம் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் குழு ஹோம் யுனைடெட்டாக இருந்த காலத்தில் ஆடியதும் அதே பீஷானில்தான். பெயர் மாறியும் அந்தப் பழைய வீட்டோடு உறவு விட்டுப்போகவில்லை என்பது அவர்களுக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

காற்பந்துதான் வேண்டும் என்று இல்லை, கூடைப்பந்து எப்படி என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் 2006இல் ஆஸ்திரேலியாவின் தேசிய லீக்கில் சேர்ந்தது. ஒரு ஆஸ்திரேலியக் குழுவின் உரிமத்தை வாங்கி வந்த அணி அது. வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் விமானத்தில் மணிக்கணக்காகப் பறக்க வேண்டும். இரண்டு பருவத்தோடு விலகினார்கள். 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் வந்ததும் பக்கத்து நாடுகளோடு ஆடத் தொடங்கினார்கள், இறுதிச் சுற்று வரை போனார்கள். எதிரணி பக்கத்தில் இருந்தால் பயணச் செலவும் குறையும், அவர்கள் ஆதரவாளர்களும் வருவார்கள், வம்பும் வளரும். லயன்ஸ் XII என்ற சிங்கப்பூர்க் காற்பந்து அணி 2012இல் மலேசிய லீக்குக்குத் திரும்பி 2013இல் பட்டம் வென்றபோது ஜாலான் புசார் அரங்கம் நிரம்பியதற்கும் இதுதான் காரணம். பொங்கோல் அணிக்கு ஹவ்காங்கை விடப் பொருத்தமான எதிரி கிடைக்காது. முதல் ஆட்டமே அவர்களோடு வையுங்கள். பெயர்க் கதையை வைத்தே ஒரு நல்ல சண்டை இருக்கிறது.

வந்தேறிகள் நிறைந்த ஊரில் அணி வேர் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்க மாட்டேன். லாஸ் வேகஸ் பாலைவன நகரம், அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு ஊர்க்காரர்கள். 2015இலேயே, அணி கிடைக்குமா என்று தெரியாதபோதே, பருவ டிக்கெட்டுக்கு 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் முன்பணம் வாங்கிக் காட்டித்தான் பனி ஹாக்கி அணியைக் கேட்டார்கள். 2017 அக்டோபரில், அங்கே துப்பாக்கிச் சூட்டில் 58 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்ட சில நாளில், சொந்த அரங்கத்தில் முதல் ஆட்டம். ஊரோடு சேர்ந்து துக்கம் அனுசரித்து, 58ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த அணி அந்த ஊரின் அணியாகிவிட்டது. பெங்களூரிலும் அப்படித்தான். வேலைக்கு வந்தவர்களால் வீங்கிய நகரத்தில் 2013இல் தொடங்கிய பெங்களூரு எஃப்சி முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்றது. வெஸ்ட் பிளாக் என்ற ஒரு பகுதியில் நின்று பாடியவர்களுக்கு அந்த இடமே பெயராகிவிட்டது.

புதிதாக வந்தவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் அணி இருக்கும். மதுரையிலிருந்து வந்தவருக்குச் சென்னையின் கிரிக்கெட் அணி, இங்கே பிறந்த அவர் பிள்ளைக்கு மான்செஸ்டர் யுனைடெட். அதை விடச் சொல்லாதீர்கள். திரையில் பார்க்கும் அணி அது, நடந்துபோய் நேரில் பார்க்கும் அணி இது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் ஆட்ட நேரம் இங்கிலாந்து நேரலையோடு மோதாமல் இருக்க வேண்டும், கிழமையும் அடிக்கடி மாறக் கூடாது.

தேசிய சேவை பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வயதில், ஓர் ஆட்டக்காரர் முதிரும் நேரத்தில், இரண்டு வருஷம் சேவைக்குப் போவார். இதைக் குறையாக நினைத்து வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அள்ளிப் போடும் குழுக்கள் உண்டு. அதற்குப் பதில், சேவையில் இருக்கும் இரண்டு வருஷமும் அந்தப் பையனோடு தொடர்பில் இருங்கள். விடுப்பு நாளில் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள், அவன் உடற்பயிற்சியாளரிடம் பேசுங்கள். திரும்பி வரும் இடம் இருக்கிறது என்று தெரிந்த பையன் விட்டுப் போக மாட்டான். பேட்டைக்காரப் பையன் ஒருவன் அணியில் இருந்தால் அவன் புளோக்கே வரும், அவன் தொடக்கப்பள்ளியும் வரும்.

கடைசியாக, முதல் வருஷத்தில் நான் செய்யக்கூடியது. பொங்கோலின் தொடக்கப்பள்ளிகளில் பயிற்றுநர்களை வாரம் ஒருமுறை அனுப்புவேன். எட்டு வயதிலிருந்து பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பயிற்சி. சமூக மன்றத்திலும் கோப்பிக்கடையிலும் ஆட்ட அட்டவணையை நான்கு மொழியிலும் ஒட்டுவேன். தமிழில் பிழையில்லாமல் ஒட்டுவேன், அது நம்மைக் கூப்பிடுகிற மாதிரி. வாசலுக்கு ஒரே ஆளை நிரந்தரமாக வைப்பேன். ஐந்தாவது ஆட்டத்துக்குள் வருகிறவர்களில் பாதிப் பேரின் முகமும், அவர்கள் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய வேலை இது, தொண்டூழியருக்கு விட்டுவிடாதீர்கள். ஆள் தேடும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், தம்பி. டிக்கெட் கிழிக்க நான் இன்னும் வருவேன்.